உம்மாவிடமிருந்து வந்த பங்கு

“உம்மாவுக்கு 60 வயதில் மாரடைப்பு வந்தது உண்மைதான். ஆனால் நான் மெலிந்தவள், எண்ணெய்ப் பண்டமும் தொடுவதில்லை. எனக்கெதற்குப் பரிசோதனை?” எங்கள் உறவுக்காரப் பெண்ணொருவர் இப்படிக் கேட்டார். மாதவிடாய் நின்று இரண்டு வருடமானவர்.

சொத்து மட்டுமா வாரிசுக்கு வருகிறது? கெட்ட கொழுப்பை ஈரல் சரிவர அகற்றாத குறையும் பரம்பரையாக வரும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இதன் காரணத்தை விளக்கிய பிரவுண், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. வாரிசுரிமைப் பாடம் நடத்தும்போது மகனுக்கொரு பங்கு, மகளுக்கொரு பங்கு என்று நான் கணக்குப் போடுவேன். இங்கே இருவருக்கும் ஒரே கணக்கு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைவதால் பெண்களுக்குப் பொதுவாகவே அந்தக் கொழுப்பு ஏறும். பரம்பரைக் குறையும் சேர்ந்தால் சுமைக்கு மேல் சுமை. மெலிந்த உடம்பும் பத்தியமும் நல்லவைதான். ஆனால் இதற்கு அவை மட்டும் போதா. இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும், மாத்திரை குறைக்கும்.

உம்மா அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்னரோ, வாப்பா அல்லது சகோதரனுக்கு 55க்கு முன்னரோ மாரடைப்பு வந்திருந்தால் கேட்காமலே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண் பரிசோதித்தார். கொலஸ்ட்ரோல் மிகக் கூடியிருந்தது. அடுத்த கிழமை மகனையும் மகளையும் கூட்டிப்போகிறார்.