தொலைநோக்கியைக் கழற்றிப் பார்க்க விடுங்கள்

குவிலென்ஸின் பாதியை அட்டையால் மறைத்தால் பிம்பம் என்ன ஆகும்? பாதிதான் தெரியும் என்பார்கள் பலர். 1987இல் ஃபிரெட் கோல்ட்பர்க், லிலியன் மெக்டெர்மாட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் ஒளியியல் படித்து முடித்த அமெரிக்க மாணவர்களிலேயே பலர் அப்படித்தான் விடை சொல்லியிருந்தார்கள். உண்மையில் பிம்பம் முழுதாகவே இருக்கும். வெளிச்சம் மட்டும் குறையும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி லென்ஸ் முழுவதிலும் விழுகிறது என்பது, இரண்டு கதிர்களை மட்டும் வரைந்து பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. நம் பத்தாம் வகுப்பிலும் ஸ்கேல் வைத்துக் கதிர்ப்படத்தைப் பிசகாமல் வரைந்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. புரிந்ததா என்பது தெரியாமலே போய்விடுகிறது.

அதனால்தான் சிறிய தொலைநோக்கியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்கிறேன், எட்டிப் பார்க்க மட்டுமல்ல, கழற்றிப் பூட்டவும். 2009 சர்வதேச வானியல் ஆண்டுக்காக உருவான கலிலியோஸ்கோப் நல்ல முன்மாதிரி. உதிரிபாகங்களாக வரும், மாணவர்களே பூட்ட வேண்டும். 50 மி.மீ. விட்டமுள்ள அதன் முன் லென்ஸைச் சன்னலை நோக்கிப் பிடித்து, அரை மீட்டர் பின்னால் வெள்ளைத்தாளை வைத்தால், வெளியே நிற்கும் வேப்பமரம் தாளில் தலைகீழாக விழும். கிளை அசைவதுகூடத் தெரியும். அந்தப் பிம்பத்தைத்தான் கண்ணருகு லென்ஸ் பெரிதாக்குகிறது: முன் லென்ஸின் 500 மி.மீ. குவியத் தொலைவைக் கண்ணருகு லென்ஸின் 20 மி.மீ. குவியத் தொலைவால் வகுத்தால் 25 மடங்கு. லென்ஸின் பாதியை மறைத்தால் மரம் முழுதாகவே தெரியும், மங்கலாக. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு 2.34 மீட்டர் ஆடி எதற்கு என்பதும் அப்போதே விளங்கிவிடும். இந்த லென்ஸைவிட அதன் பரப்பு 2,000 மடங்குக்கும் மேல்.

பாடம் முடிக்கவே நேரமில்லை, பணமும் இல்லை என்பார்கள் ஆசிரியர்கள். நியாயமான கவலை. ஆனால் குவிலென்ஸின் குவியத் தொலைவு காணும் செய்முறை பத்தாம் வகுப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதே லென்ஸோடு குவியத் தொலைவு குறைந்த இன்னொன்றைச் சேர்த்தால், கெப்ளர் 1611இல் விளக்கிய தொலைநோக்கி அமைந்துவிடும். மலிவான லென்ஸில் விளிம்புகள் நிறம் காட்டுமே என்றால், காட்டட்டும். நிறப்பிரிகைப் பாடத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. சூரியனைப் பற்றிய அச்சம் மட்டும் முழுக்க முழுக்கச் சரி. தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்த்தால் நொடியில் விழித்திரை கருகிவிடும். எனவே ஆசிரியர் உடனில்லாமல் கருவி வகுப்பறையை விட்டு வெளியே போகக்கூடாது. வெயில் விழாத சன்னலே போதும். இனி செய்முறைத் தேர்வில் கதிர்ப்படத்தோடு அந்தப் பாதி மறைத்த லென்ஸையும் மேசையில் வைத்து, பார்ப்பதற்கு முன்பே விடை கேட்க வேண்டும்.