கடைவாசலில் 3 படிகள்: நெல்லையில் சாய்தளம் கட்டாயமா? சட்டம் சொல்வது என்ன?

திருநெல்வேலி டவுன் ரத வீதி, ஜங்ஷன், வண்ணார்பேட்டை என எங்கே போனாலும், பல கடைகளுக்குள் படி ஏறித்தான் நுழைய வேண்டும். வீல்சேரில் வருபவர் வாசலோடு நின்றுவிடுவார். "ஆள் இருக்காங்கல்லா, தூக்கி விட்டுருவோம்" என்பதே அண்ணாச்சிகள் பலரின் பதில். நல்ல மனசுதான். ஆனால் மருந்து வாங்கக்கூட ஒவ்வொரு முறையும் நாலு பேர் தூக்கிவிட வேண்டும் என்றால், அவர் தனியாக வெளியே கிளம்பவே யோசிப்பார்.

இது எத்தனை பேரின் பிரச்னை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. பழைய நெல்லை மாவட்டத்தின் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. படிப்பும் பயிற்சியும் தருவதில் இந்தப் பகுதி எப்போதோ முன்னால் போய்விட்டது. படித்து முடித்து வேலைக்கும் கடைக்கும் போகிறவரை இன்னும் படிக்கட்டு தடுக்கிறது.

தனியார் கடைக்கும் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் அரசுடையதா தனியாருடையதா என்று பார்ப்பதில்லை. வணிகக் கட்டடமும் 'பொதுக் கட்டடம்'தான்.

* புதிய கட்டடம்: அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது. விதியை மீறிக் கட்டினால் நிறைவுச் சான்றிதழும் கிடையாது (பிரிவு 44).
* பழைய கட்டடம்: விதிகள் வெளியான 5 ஆண்டுகளுக்குள் மாற்றியிருக்க வேண்டும் (பிரிவு 45). விதிகள் வந்தது 2017 ஜூனில். அதாவது 2022 ஜூனோடு கெடு முடிந்துவிட்டது.
* அபராதம்: முதல் முறை 10,000 ரூபாய் வரை. மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை (பிரிவு 89).

பிறகு ஏன் எதுவும் மாறவில்லை?

சட்டம் 'கட்டாயம்' என்றது. அதன் கீழ் வந்த விதி, பரிந்துரை தொனியிலான வழிகாட்டுதல்களையே கைகாட்டியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த விதி 15(1) சட்டத்துக்கே முரணானது என்றது. யாரும் தவிர்க்க முடியாத குறைந்தபட்ச விதிகளை 3 மாதங்களில் உருவாக்கவும், சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் போன்றவற்றை உண்மையிலேயே அமல்படுத்தவும் உத்தரவிட்டது.

நெல்லையில் என்ன சிக்கல்?

உயரமும் இடமும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே ரோடு போட்டால் தெருமட்டம் உயரும். மழைத்தண்ணீர் கடைக்குள் வரும். உடனே கடைக்காரர் தரையை உயர்த்துவார், வாசலில் படி கூடும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டையே மூழ்கடித்ததைப் பார்த்தவர்கள் தரையை உயர்த்திக் கட்டுவதைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். சாய்தளத்துக்கான அளவு 1:12. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 6 அடி போதும். மூன்று படி என்றால் 18 அடி. குறுகலான பஜார் தெருவில் அதற்கு இடம் ஏது? தெருவுக்குள் நீட்டினால் ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி இடிக்கலாம். பைக் ஏற்றுவதற்காகப் போடும் செங்குத்தான சரிவும் உதவாது. அதில் வீல்சேர் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

என்ன செய்யலாம்?

* ஒரு படி உள்ள கடைகள் மடக்கி வைக்கும் சாய்தளத்தை இன்றே வாங்கலாம்.
* மூன்று படி என்றால், வாசலுக்கு நேராக இல்லாமல் கடை முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில் கட்டலாம். வரிசைக் கடைகளுக்குப் பொதுவாக ஒன்று போதும்.
* கதவு 90 செ.மீ. திறக்க வேண்டும். நடைபாதையில் சரக்கு மூட்டைகளை அடுக்காமல் இருப்பதற்குச் செலவே இல்லை.
* வடிகால், ரோடு வேலை நடக்கும்போதே மாநகராட்சியும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து வாசல் மட்டத்தைத் திட்டமிட வேண்டும். பழைய தாரைச் சுரண்டிவிட்டே ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டம், பழைய கடைகள் அதிகச் சிரமமோ செலவோ இல்லாமல் நீக்கக்கூடிய தடைகளை நீக்கியே ஆக வேண்டும் என்கிறது. கூடவே சிறு வணிகர்களுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வரிச்சலுகையும் உண்டு. இங்கேயும் அபராதத்தோடு இப்படி ஒரு கைகொடுப்பு இருந்தால், சின்னக் கடைக்காரருக்குச் சட்டம் சுமையாகத் தெரியாது.

புகார் எங்கே?

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டமும் இருக்கிறது. கடையின் பெயரோடு படிகளின் எண்ணிக்கை, உயரம், ஒரு போட்டோ ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். என்ன மாற்ற வேண்டும் என்பது அதிகாரிக்கும் கடைக்காரருக்கும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.