குழந்தையின் குறையும் கிரகணப் புரட்டும்

நம் நாட்டில் ஒரு குழந்தை அண்ணம் பிளந்தோ, இருதயக் கோளாறுடனோ பிறந்துவிட்டால் உடனே குற்றவாளியாக்கப்படுகிறவள் தாய்தான். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார் ஒருவர். பூர்வஜென்ம பாபம் என்பார் மற்றொருவர். நாகதோஷம், பரிகாரம் செய்யென்று கையை நீட்டுவார் ஜோசியர். இவர்களில் யாராவது அக்குழந்தையின் உடம்பைச் சோதித்துச் சொன்னதுண்டா?

சோதித்தவர்கள் சொல்லுவதைக் கேளுங்கள். மனிதனுக்குச் சாதாரணமாக 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. ஜோடியில் ஒன்று தாய் தந்தது; மற்றொன்று தகப்பன் தந்தது. சில குழந்தைகளுக்கு 22-வது ஜோடியில் ஒன்றில் ஒரு சிறு துண்டு இல்லாமற் போகிறது. மேற்சொன்ன குறைகளுக்கு இது ஒரு காரணம். இது பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாய்த் தற்செயலாக நேருவது. இதில் பாபம் எங்கே? கிரகணம் எங்கே?

இக்குறையை மைக்ரோஅர்ரே என்னும் சில்லினால் கண்டுபிடிக்கிறார்கள். அதிலுள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளில் குழந்தையின் டி.என்.ஏ. ஒட்டும் அளவை ஒளியால் அளக்கிறார்கள். இரண்டு பிரதி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தால் ஒளி குறையும், மூன்றிருந்தால் கூடும். ஆனால் காரணமில்லாமலும் ஒளி சற்று ஏறி இறங்குமல்லவா? அதற்காகவே கம்ப்யூட்டர் நிரல்கள் இருக்கின்றன. 2004-ல் ஓல்ஷென், வெங்கட்ராமன் முதலியோர் வெளியிட்ட முறையானது, அடுத்தடுத்த பல புள்ளிகள் சேர்ந்து தாழ்ந்திருக்கின்றனவா என்று பார்க்கும். அப்படியிருந்தாலும் உடனே நம்பிவிடாது. புள்ளிகளைச் சீட்டுக்கட்டைப்போல் பலமுறை கலைத்துப் பார்க்கும். கலைத்த பின்னும் அத்தகைய தாழ்வு அடிக்கடி வருமானால் தற்செயலென்று தள்ளிவிடும்.

ஜோசியம் இத்தகைய சோதனைக்கு நின்றதா? நின்றது, தோற்றது. 2008-ல் புனாவில் ஜெயந்த் நர்லிகர், நரேந்திர தபோல்கர் முதலியோர் புத்திசாலிக் குழந்தைகளின் ஜாதகம் 100, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ஜாதகம் 100 சேகரித்து, ஆளுக்கு 40 கொடுத்துப் பிரித்துச் சொல்லக் கேட்டார்கள். விடையளித்த 27 ஜோசியர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப்போட்டால்கூட 50 வருமே!

நிற்க, இந்த நிரலும் வேதமல்ல. துண்டுகள் கூடாமல் குறையாமல் இடம் மட்டும் மாறியிருந்தால் இச்சோதனைக்குத் தெரியாது. இதை விஞ்ஞானிகளே சொல்லுகிறார்கள். தன் குறையைத் தானே சொல்லும் ஜாதகத்தை யாராவது கண்டதுண்டா?

ஆகவே தோழர்களே, பரிகாரத்துக்குச் செலவிடும் பணத்தையும் நாளையும் வைத்தியத்துக்குச் செலவிடுங்கள். காரணம் தெரிந்தால் இருதயத்தையும் இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் காலத்தில் சோதித்துக் குழந்தையைக் காப்பாற்றலாம். முதலில் பெற்றவளைத் தூற்றுவதை நிறுத்துங்கள்.