நுவரெலியாவில் ஒரு மலிவு அறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆறு என்று சொல்வதற்கும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான் உண்டு. சுண்ணாம்புக்கல் தரையோடும் கிணற்று நீரோடும் ஆண்டு முழுவதும் விலகாத வெக்கையோடும் வாழ்ந்து பழகிய எங்களுக்கு, கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், ஏரியும் மூடுபனியுமாகக் கிடக்கும் நுவரெலியா வேற்று நாடு போன்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்திலும் பாடசாலை விடுமுறைகளிலும் குடாநாட்டிலிருந்து வேன் வேனாக அங்கே புறப்படுகிறார்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊருக்கு வரும் உறவினர்களும் இப்போது இந்த வேன்களில் ஏறிக்கொள்கிறார்கள்.

இவர்களிற் பெரும்பாலானோர் தங்குவது நட்சத்திர ஹோட்டல்களில் அல்ல. நகரின் ஓரங்களிலும் ஏரிக்கரைக்கு மேலேயுள்ள சரிவுகளிலும், வீடுகளுக்கு மேலே மாடி கட்டி அறைகளாகப் பிரித்த மலிவு விடுதிகளில்தான். திரும்பி வந்ததும் அந்த விடுதிகளைப் பற்றிய முறைப்பாடுகள் தொடங்கும். சுடுதண்ணீர் வரவில்லை, கம்பளி போதவில்லை, சுவரெல்லாம் ஈரம், சீசன் என்று சொல்லி வாடகையை இரட்டிப்பாக்கிவிட்டார்கள் என்று பட்டியல் நீளும். இந்த முறைப்பாடுகளில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவற்றுள் ஒருபோதும் இடம்பெறாத ஒரு விடயம் உண்டு. அதைப் பற்றியே இந்தப் பத்தி.

முதலில் நகரத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுப் பிரதேசங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையும் பண்ணையையும் உருவாக்க முயன்றார். இப்போது கிராண்ட் ஹோட்டல் என்று அறியப்படுவது ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸின் வாசஸ்தலத்திலிருந்து வளர்ந்த கட்டடம். 1876 இல் தொடங்கிய ஹில் கிளப்பில் பல தசாப்தங்களாக இலங்கையருக்கு அங்கத்துவம் கிடைக்கவில்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த ஏரியும் இயற்கையானதன்று. சதுப்பாகக் கிடந்த நிலத்தில் 1873 இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவாக்கப்பட்டதால் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமிழர்களுக்குத் தெரிந்த மற்ற இரண்டு மலை நகரங்களின் கதையும் இதுவே. உதகமண்டலத்தின் ஏரியை ஜோன் சலிவன் 1824 இல் வெட்டுவித்தார். கொடைக்கானல் ஏரி 1863 இல் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரி அமைத்தது. சமவெளியின் வெப்பம் தாங்காத வெள்ளை அதிகாரிகள், குளிர்ந்த மலையுச்சிகளில் தங்கள் நாட்டின் சாயலைச் செயற்கையாகப் படைத்துக்கொண்டார்கள். அந்தச் சாயலைப் பார்க்கவே நாம் இன்று பணம் கொடுத்துப் போகிறோம். போவதில் தவறில்லை. குளிர் எல்லோருக்கும் பொதுவானது.

ஆனால் இந்த மலைகளைக் கட்டியெழுப்பிய உழைப்பு எந்த வழியால் வந்தது என்பதை யாழ்ப்பாணத்துப் பயணி எண்ணிப்பார்க்க வேண்டும். ஏனெனில் அவர் செல்வதும் ஓரளவுக்கு அதே வழியால்தான். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கியவர்கள், காடுகளின் ஊடாகத் தம்புள்ளை வரையும், அங்கிருந்து மாத்தளை வரையும் நடத்திச் செல்லப்பட்டார்கள். கொலராவினாலும் பசியினாலும் வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் ஒரு நினைவு நடைபயணம் தொடங்கி, ஓகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்றது. குடாநாட்டு வேன்கள் ஏ-9 வீதியால் வந்து தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு இறங்கும் பகுதி, அன்று அவர்கள் நடந்த தடத்தோடு சேர்ந்தது. அந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது தேநீருக்கு வண்டியை நிறுத்துவதுதான்.

செய்தியாளனாகவும் குடும்பத்தோடும் பல தடவை நான் நுவரெலியாவின் மலிவு விடுதிகளில் தங்கியிருக்கிறேன். ஒரு ஜனவரி மாதம். அந்த மாதங்களில் இரவு வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே இறங்குவதும், விடியற்காலையில் புல்வெளிகளில் துகள் உறைபனி படிவதும் வழக்கம். எனக்குக் கிடைத்த அறை ஏறத்தாழப் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் இருக்கும். ஒற்றைக்கல் சுவர், தகரக் கூரைக்குக் கீழே மெல்லிய பலகை. அறையைச் சூடாக்க எந்த வசதியும் இல்லை. சுடுதண்ணீர் காலை ஆறு மணி தொடக்கம் எட்டு மணி வரை மட்டும் என்று ஓர் அட்டை தொங்கியது. இரவு பத்து மணிக்கு இன்னொரு கம்பளி கேட்டேன். பத்தொன்பது, இருபது வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் கொண்டுவந்து தந்தான். அது மடிப்புக் கலைந்து, உடற்சூடு இன்னும் ஆறாமல் இருந்தது.

“தம்பி, நீர் எங்கே படுக்கிறீர்?” என்று கேட்டேன்.

“ரிசப்சன்லதான் சார். பாய் போட்டுக்குவேன்.”

“போர்க்க?”

“இன்னிக்கு ரூமெல்லாம் ஃபுல் சார். ஜெர்சி இருக்கு.”

கம்பளியை வாங்க மறுத்தேன். “மொதலாளி ஏசுவாரு சார்” என்று சொல்லிக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த அறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குழு தங்கியிருந்தது. அவர்கள் அவனை “டேய்” என்றும் “பெடியா” என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிவிட்டதென்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். காலையில் கணக்குத் தீர்க்கும்போது அவர்களில் ஒருவர் வாடகையில் ஐந்நூறு ரூபா குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் வாதாடி வென்றார். அந்த ஐந்நூறு ரூபா யாருடைய பங்கிலிருந்து கழிந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கணித அறிவு தேவையில்லை.

பையன் அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவன். தாய் கொழுந்து பறிப்பவர். அவர்கள் வாழ்வதும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில்தான். நாங்கள் இரண்டு இரவுகளுக்குத் தாங்க முடியாமல் முறைப்பாடு செய்யும் அதே அளவான அறையில், அதே குளிரில், ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்க நடந்த போராட்டம் பல ஆண்டுகள் இழுபட்டு 2021 இல்தான் முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்து அந்த ஆயிரத்தின் பெறுமதியை விழுங்கிவிட்டது. தோட்டத்தைவிட்டு வெளியேறும் இளைஞனுக்கு முன்னால் உள்ள கதவுகள் சிலவே. கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலை, இல்லையேல் பக்கத்து நகரத்து விடுதி வேலை.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய ஹோட்டல்களில் பட்டியலோடு பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்படும். அது ஊழியர்களிடையே பங்கிடப்படுவது வழக்கம். அங்கே பணிபுரிபவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு பன்னிரண்டு வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மூன்று வீதமும் செலுத்தப்படும். சட்டத்தின்படி சிறிய விடுதிக்காரரும் இந்த நிதிகளுக்குச் செலுத்தியாக வேண்டும். ஆனால் நான் விசாரித்த மலிவு விடுதிகள் பலவற்றில் அந்தப் பேச்சே இல்லை. சாப்பாடு, படுக்க ஒரு மூலை, கையில் ஏதோ ஒரு தொகை. ஆகவே மலிவு அறை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் கட்டடத்தின் எளிமை. மற்றக் காரணம், அறைக்குரிய விலையில் ஒரு பகுதியை நாம் கொடுக்காமல் அந்தப் பையன் கொடுத்துக்கொண்டிருப்பது.

விடுதி முதலாளிகள் எல்லோரையும் கொடியவர்களாகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர்களிற் பலர் வங்கிக் கடனில் மாடி கட்டிய சாதாரணர்கள். ஏப்ரல் மாதத்தின் சில வாரங்களில் உழைப்பதைக் கொண்டு மழை மாதங்களை ஓட்டுபவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் பலிகொண்டபோது, நுவரெலியா மாவட்டம் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வீதிகள் துண்டிக்கப்பட்ட நாட்களில் முதலில் வெறுமையாவது இத்தகைய சிறு விடுதிகள்தான். மேலும், சீசன் விலையைப் பற்றி நாம் பேசும்போது நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களில் யாழ்ப்பாணத்து விடுதிகளின் வாடகை என்னவாகிறது என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது. 2009 இல் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்த பிறகு தெற்கிலிருந்து வந்த பெருங்கூட்டத்துக்கு அறை கொடுத்த நாங்கள், விருந்தோம்பலுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை.

எனது மனக்குறை விலையைப் பற்றியதன்று. அந்தப் பையனை “டேய்” என்று கூப்பிட்ட குரலைப் பற்றியது. அந்தக் குரலுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1947 பொதுத்தேர்தலில் இதே நுவரெலியாத் தொகுதியின் மக்கள் சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. வடக்குத் தமிழ்த் தலைமை இந்தக் கேள்வியில் பிளவுபட்டது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தில் இணைந்தார். அதை ஏற்காத செல்வநாயகம் பிரிந்துசென்று 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தேர்தல் மூலம் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் கலவரத்தில் அடிபட்ட தோட்ட மக்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிவந்தபோது, அவர்களுக்கு நிலம் காட்டிய நல்ல மனிதர்கள் வடக்கில் இருந்தார்கள். அதே வடக்கில்தான் அம்மக்களின் குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைத்து, சமையலறை ஓரத்தில் படுக்கவிட்ட வீடுகளும் இருந்தன. “தோட்டக்காட்டான்” என்ற சொல் சிங்களவர் உண்டாக்கியதன்று. அது நம்முடைய தமிழ்.

இந்தியாவிலிருந்து வாசிப்போர் இதை இலங்கை விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அவ்வாறு கப்பலேறியவர்களுக்கு வேலை கொடுக்க 1968 இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னாளில் டான்டீ ஆயிற்று. ஆகவே உதகையிலோ குன்னூரிலோ ஒரு சிக்கன விடுதியில் உங்களுக்குச் சுடுதண்ணீர் வாளி தூக்கி வருபவரின் பாட்டி, நுவரெலியாச் சரிவொன்றில் கொழுந்து பறித்தவராக இருக்கலாம். இரு நாடுகளின் அரசுகள் ஒரு மக்கள் கூட்டத்தை எண்ணிக்கையாகப் பங்கிட்டன. பங்குகள் இரண்டும் மலையேறி, குளிரில் நிற்கின்றன.

நாம் செய்யக்கூடியது என்ன? நுவரெலியாவுக்குப் போகாமல் இருப்பதன்று. போக வேண்டும். அதிலும் புயலடித்த பிறகு கட்டாயம் போக வேண்டும். மலிவு விடுதியிலேயே தங்குங்கள். நட்சத்திர ஹோட்டலில் கொடுக்கும் பணத்தைவிட இங்கே கொடுக்கும் பணம் அந்த நகரத்திலேயே சுழலும். வாடகையை முன்கூட்டியே பேசிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் பேசி முடித்த தொகையைப் புறப்படும் காலையில் குறைக்கக் கேட்காதீர்கள். பத்து வீதச் சேவைக் கட்டணம் பட்டியலில் இல்லையென்றால், அதே தொகையைப் பணியாளரின் கையில் நேரே கொடுங்கள். வேலை செய்பவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதினொராவது வாடிக்கையாளர் வருமுன் அங்கே ஒரு கட்டிலும் கம்பளியும் வந்திருக்கும். வியாபாரிக்கு இந்த மொழி விளங்கும்.

அதிகாரிகள் செய்ய வேண்டியதும் உண்டு. விடுதிகளைப் பதிவுசெய்யும்போது விருந்தினர் அறைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஊழியர் உறங்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சேமலாப நிதிக் கணக்கைக் காட்டாத விடுதிக்கு அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது. புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, இருப்பதைச் செயற்படுத்தினால் போதும்.

கடைசியாக, பணம் எதுவும் தேவைப்படாத ஒன்று. யாழ்ப்பாணத் தமிழில் இளையவரையும் மரியாதையோடு விளிக்க “நீர்” என்ற அழகான சொல் ஒன்று உண்டு. அதை நம் பிள்ளைகளின் நண்பர்களுக்கும் அலுவலகத்து இளைஞர்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆனையிறவைத் தாண்டும்போது அந்தச் சொல்லை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய அவசியம் இல்லை.