எவர்சில்வர் பளபளப்பும் விட்டுப்போன சரித்திரமும்

அமெரிக்காவில், 1950-களின் தோற்றத்தை அப்படியே மீட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு நடக்கும் பர்கர், ஹாட் டாக் விடுதிகளுக்கு இன்று ஜனங்களிடையே மிகுந்த செல்வாக்கு இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மெல்ரோஸ் வீதியில் தொடங்கிப் பின்பு வேறு தேசங்களுக்கும் பரவிய ‘ஜானி ராக்கெட்ஸ்’ இவ்வகையில் பிரசித்தமானது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம்போட்ட தரை, எவர்சில்வர் விளிம்பு கட்டிய நீண்ட கவுண்டர், அதன் முன்னே சிவப்பு உறையிட்ட சுழல் ஸ்டூல்கள், காசு போட்டால் பழைய பாட்டைப் பாடும் ஜூக்பாக்ஸ், காகிதத் தொப்பி அணிந்த பரிசாரகர்கள் ஆகியவையே இவ்விடுதிகளின் லட்சணம்.

அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் கொத்திய மாட்டிறைச்சி உருண்டையை வைத்துத் தட்டைக் கரண்டியால் அழுத்தியவுடன், அதன் ஓரம் மொறுமொறுவென்று சிவந்து வரும் மணமும், மில்க் ஷேக்கைக் கண்ணாடித் தம்ளர் நிறைய ஊற்றிவிட்டு, மீதியை அது கலக்கப்பட்ட எவர்சில்வர் குவளையோடே பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் தாராளமும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்தக் கவுண்டருக்கும் ஸ்டூலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் இனித்த பாதியை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு மறுபாதியைப் பேசாமல் விடுவது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

‘டைனர்’ எனப்படும் அந்தப் பழைய கவுண்டர் விடுதிகளில் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டது வெகு சொற்பம். 1872-இல் பிராவிடென்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், பத்திரிகாலயத்தில் இராவேலை பார்த்தவர்களுக்காகக் குதிரை வண்டியில் ஆகாரம் கொண்டுவந்து விற்றதிலிருந்து அந்த மரபு தொடங்குகிறது. பிற்காலத்தில் மாசசூசெட்ஸிலும் நியூ ஜெர்சியிலும் இருந்த தொழிற்சாலைகள் இந்த வண்டிகளை முழுக் கடைகளாகவே செய்து ஊர் ஊராக அனுப்பியபடியால், வழியில் கொண்டுபோவதற்கு ஏற்றவாறு அவை ஒடுங்கி நீண்டிருந்தன. ஒடுங்கிய இடத்துக்கு ஒற்றைக் கவுண்டரும் தரையோடு பொருத்திய ஸ்டூலுமே சௌகரியமாக இருந்தன. இறைச்சி ஆலைகளின் அசுத்தத்தை அம்பலப்படுத்தி 1906-இல் அப்டன் சிங்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவலைப் படித்துக் கொத்திறைச்சி என்றாலே ஜனங்கள் அருவருத்த காலத்தில், 1921-இல் விசிட்டா நகரத்தில் தொடங்கப்பட்ட ‘ஒயிட் காஸில்’ கடை சுவரெல்லாம் வெண்மையாக்கி, சமைப்பதைக் கண்ணெதிரே காட்டி, ஒரு பர்கரை ஐந்து சென்டுக்கு விற்றது. அதற்கு முன்பே 1916-இல், போலந்திலிருந்து பிழைக்க வந்த நேதன் ஹாண்ட்வெர்க்கர், கோனி ஐலண்ட் கடற்கரையில் பிறர் பத்து சென்டுக்கு விற்ற ஹாட் டாக்கை ஐந்து சென்டுக்குத் தந்திருந்தார். சுத்தமும் மலிவும் விரைவுமே அந்தக் கடைகளின் தர்மம். கூலிக்காரனும் குமாஸ்தாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உண்ட இடங்கள் அவை.

எல்லாருமா உண்டார்கள்? தெற்கு மாகாணங்களில் கறுப்பு மக்கள் அந்த ஸ்டூல்களில் உட்கார முடியாமலிருந்தது. வெளியூர்ப் பிரயாணத்தில் எங்கே சாப்பாடு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்று அறிந்துகொள்வதற்கே, நியூயார்க்கைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் அவர்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டுவர நேர்ந்தது. 1960 பிப்ரவரி முதல் தேதியன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் நுழைந்து, சில்லறைச் சாமான்களை வாங்கி அதற்கு ரசீதும் பெற்றுக்கொண்டு, அதே கடையின் உணவுக் கவுண்டரில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். சாமான் விற்று அவர்களிடம் காசு வாங்கிய கடை, காப்பி தர மறுத்தது. அவர்கள் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் இன்னும் பலரோடு திரும்பி வந்தார்கள். அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு நடந்த இந்த அறப்போராட்டம் வேறு பல ஊர்களுக்கும் பரவி, கடைசியில் அந்தக் கவுண்டர் ஜூலை 25-ஆம் தேதி எல்லாருக்கும் திறக்கப்பட்டபோது, முதன்முதலில் அங்கே அமர்ந்து உண்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை பார்த்துவந்த கறுப்பு ஊழியர்கள். பிறருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் உட்கார்ந்து சாப்பிட அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பொது உணவு விடுதிகளில் இன பேதம் பார்ப்பதைத் தேசம் முழுவதும் தடுக்கும் சட்டம் 1964-இல்தான் வந்தது.

உணவு விடுதியின் வாசலில் ‘பிராமணாள்’ என்ற பலகை தொங்கிய காலத்தையும், அதை எதிர்த்து நடந்த கிளர்ச்சியையும் அறிந்த நமக்கு இந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகையால், பழமையைக் கொண்டாடும் விடுதிக்காரர்கள், பழைய கார்களுக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் ஒதுக்கும் சுவரில் அந்த நான்கு மாணவர்களின் படத்துக்கும் ஓர் இடம் தரவேண்டும் என்று நான் கேட்பது மிகையாகாது. அதனால் பர்கரின் ருசி கெட்டுவிடாது. பக்கத்து ஸ்டூலில் யார் வேண்டுமானாலும் அமரலாம் என்ற இன்றைய சாதாரண நிலை எப்படி வந்தது என்பதை உண்ண வரும் குழந்தைகள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் பார்க்க அமெரிக்கா செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் உங்களை இப்படிப்பட்ட விடுதிக்கு அழைத்தால் மனமாரச் சென்று உண்ணுங்கள். வாஷிங்டன் போக வாய்க்குமானால், அங்குள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அவர்களை நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். கிரீன்ஸ்பரோ கவுண்டரின் ஒரு பகுதியை அதன் நான்கு ஸ்டூல்களோடு அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அனுமதிக்குக் கட்டணம் கிடையாது.