குண்டூசிக்கு ஓர் இடம்

பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனாருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வந்த இடம் பிடிக்கவில்லையென்றால், "ஜாதகம் பொருந்தவில்லை" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம். யாருக்கும் மனஸ்தாபம் ஏற்படாது. நாய்க்கு வீடு தேடுகிறவனுக்கோ அந்த வழி கிடையாது. காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். சென்ற ஐப்பசி முதல் தை வரையில் நான் பட்ட பாடு இதுதான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, எங்கள் தெருக்கோடியில் நின்றிருந்த ஆட்டோவின் அடியில் ஒரு சிறு நாய் நடுங்கிக் கொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு, முழங்கால் உயரம்கூட இராது. கழுத்தில் பட்டையும் அதிலிருந்து தொங்கிய ஒரு முழக் கயிறும் இருந்தன. பட்டையைக் கண்டதும் யாரோ வளர்த்த நாய் என்று தெரிந்தது. கயிற்றின் நுனியைக் கண்டதும், அது கடித்து அறுக்கப்பட்டதென்று தெரிந்தது. பத்து நாள் விசாரித்தும் உடையவர் எவரும் வரவில்லை. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, "டெரியர் கலப்பு, இரண்டு வயதுக்குள்தான் இருக்கும்" என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அதற்குக் குண்டூசி என்று பெயரிட்டார்கள்.

இரண்டு நாள் பாலும் சோறும் கண்டதும் குண்டூசியின் சுயரூபம் வெளிப்பட்டது. துளசித் தொட்டியில் ஆரம்பித்து, வீட்டிலிருந்த தொட்டிகள் அத்தனையையும் அது தோண்டி முடித்தது. செருப்புகளில் இடது காலுக்கு உரியவற்றை மட்டும் தின்றது. (வலது செருப்பு ஏன் ருசிக்கவில்லை என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.) மாடிப்படியில் ஒரு பந்தை உருட்டிவிட்டு, தானே ஓடிப் பிடித்து, மறுபடியும் மேலே கொண்டு போய் உருட்டும். இதை விடியற்காலை நான்கு மணிக்குச் செய்யும். என் மனைவி ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள், "இதற்கு நல்ல இடமாகப் பாருங்கள்" என்றாள்.

நல்ல இடமென்றால் எது? நான் முதலில் நினைத்தது, அன்பான மனிதர்கள் என்று. அப்படியே ஒரு தம்பதி கிடைத்தார்கள். தங்கமான மனிதர்கள், ஆனால் இருவரும் உத்தியோகத்தில் இருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவு மாலை ஆறுக்குத்தான் திறக்கும். ஒன்பதாம் நாள் குண்டூசி திரும்பி வந்தது. சோபாவின் பஞ்சை எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் பிரித்திருந்ததாம். "பொல்லாத நாய், ஸார்" என்றார் அவர், வருத்தத்துடன்.

அடுத்ததாக, விசாலமான பங்களாவும் தோட்டமும் உள்ள இடமாகப் பார்த்தேன். தோட்டம் இருந்தது வாஸ்தவம். ஆனால் ரோஜாச் செடிகளின் க்ஷேமத்தை உத்தேசித்துக் குண்டூசியைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். கட்டினால் குரைத்தது, குரைத்ததால் மேலும் கட்டினார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது கழுத்தில் ரோமம் தேய்ந்து தோல் தெரிந்தது. அன்றைக்கு அது தொட்டியைத் தோண்டவில்லை, பந்தைத் தொடவில்லை. வாசற் கதவைப் பார்த்தபடி இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தது. இன்னொரு தடவை இப்படித் திரும்பினால் இந்தப் பிராணி மனிதர்களையே நம்பாது என்று எனக்குத் தோன்றியது. பயந்த நாய் கடிக்கும். கடிக்கிற நாயை எவரும் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

அதன் பிறகுதான் நான் வேறு விதமாக யோசித்தேன். டெரியர் என்ற பெயரே பூமி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் வெளியேற்றுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட ஜாதி அது. இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார், 1795 முதல் 1883 வரையில் வாழ்ந்தவர், வேட்டைப் பைத்தியம் கொண்டவர். அவர் வளர்த்த டெரியர்கள் நாள் முழுவதும் வேட்டைக் குதிரைகளோடு ஓடவும் வேண்டும், ஓடிய பிறகு நரி வளைக்குள் இறங்கவும் வேண்டும். அவருடைய பெயரால் வழங்கும் அந்த ஜாதியைச் சேர்ந்த நாய்தான் அமெரிக்காவிலிருந்த உக்கி. அடங்காப் பிடாரி என்று இரண்டு வீடுகளில் வேண்டாமென்று தள்ளப்பட்ட பிறகு, மிருகங்களைப் பழக்கும் ஒருவர் அதை எடுத்துக் கொண்டார். 2011-ல் வெளிவந்த 'தி ஆர்ட்டிஸ்ட்' என்னும் மௌனப் படத்தில் கதாநாயகனுக்குச் சமமாக நடித்துப் பெயர் வாங்கியது அந்த நாயேதான். ஆகவே என் தொட்டியைத் தோண்டியதில் குண்டூசி பேரில் குற்றமில்லை. அது தன் உத்தியோகத்தைப் பார்த்தது; நான்தான் வேலையில்லாத இடங்களுக்கு அதை அனுப்பிக் கொண்டிருந்தேன்.

இந்த ஞானம் வந்த மறுவாரமே ஒரு மூதாட்டி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த தேசத்தில்; வீட்டில் பேச ஆளில்லை. குண்டூசி நேரே அவர் மடியில் ஏறி உட்கார்ந்து விட்டது. அவர் அதன் பழுப்புக் காதைத் தடவிக்கொண்டே, "நாளைக்கே அழைத்துப் போகிறேன், தம்பி" என்றார். என் மனைவி கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

நான் முடியாதென்றேன். ஒரு பூனையைக் கண்டு குண்டூசி இழுத்தால், கையில் சங்கிலியைச் சுற்றியிருக்கும் அந்த அம்மாள் கீழே விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகுமென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஜாதகத்தின் அருமை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாள் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எனக்கு இந்த நாய் ஆகாது என்கிறாயா, இந்த நாய்க்கு நான் ஆக மாட்டேன் என்கிறாயா?" என்று கேட்டார்.

"இரண்டும்தான், அம்மா" என்றேன். அவர் காப்பி சாப்பிடாமலே போய்விட்டார். பத்து நாள் எனக்கு மனது சரியாக இல்லை. பிறகு வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவரை ஒரு நாய்க் காப்பகத்துக்கு அழைத்துச் சென்று, பத்து வயதான, பல் போன, நடப்பதற்கே யோசிக்கிற ஒரு கிழ நாயைக் காட்டினேன். கிழ நாய்களைக் கேட்டு அங்கே யாரும் வருவதில்லை. இப்போது அவர்கள் இருவரும் சாயங்காலம் தெருவில் உலாவுகிறார்கள். யார் யாரை அழைத்துப் போகிறார்களென்று சொல்வது கடினம்.

குண்டூசிக்கு உரியவர் செங்குன்றத்தில் இருந்தார். அரிசி மண்டி வைத்திருப்பவர். பெருச்சாளித் தொல்லை பொறுக்காமல் நாய் தேடினார். அவருக்குப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்காகத் தினமும் விடியுமுன் எழுந்து ஓடுகிறவள். நான் போட்ட நிபந்தனைகள் மூன்று. மண்டியில் எலி விஷம் அறவே கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து. வெறிநாய்க்கடிக்கு மட்டுமின்றி எலிக் காய்ச்சலுக்கும் வருஷா வருஷம் தடுப்பூசி போட வேண்டும். மூன்று மாதத்துக்குப் 'பொல்லாத நாய்' என்ற வார்த்தை காதில் விழக் கூடாது. முதல் இரண்டுக்கும் அவர் ஒப்புக் கொண்டார். மூன்றாவதற்கு அந்தப் பெண் ஒப்புக் கொண்டாள்.

கருத்தடை ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு போய் விட்டேன். ஐந்தாம் நாள் பகல் இரண்டு மணிக்கு டெலிபோன் அடித்தது. மண்டிக்காரர் குரல்தான். திரும்பி எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறாரென்று என் வயிற்றைக் கலக்கிற்று.

"ஸார், நாய்க்கு உடம்புக்கு ஏதோ போலிருக்கிறது" என்றார். "காலையில் பாப்பாவோடு ஓடிவிட்டு வந்தது. மூட்டை இடுக்கில் நாலு எலி பிடித்தது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரமாகப் படுத்தது படுத்தபடி கிடக்கிறது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறது. டாக்டரிடம் காட்டட்டுமா?"

"வேண்டாம், தூங்குகிறது" என்றேன்.