ஏழு பேர் போகும் வண்டிக்கு ஐந்து சீட்டா?

சின்ன மின்சார எஸ்யூவியில் மூன்றாவது வரிசை வீண் என்ற பேச்சு, கார் விமர்சகர்களிடமும் ஷோரூம் விற்பனையாளர்களிடமும் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. காலை நீட்ட முடியாது, பெட்டி வைக்க இடமிருக்காது, சார்ஜ் சீக்கிரம் தீரும், பின்னால் இடித்தால் ஆபத்து, இந்தக் காலத்துக் குடும்பத்துக்கு ஐந்து சீட் தாராளம் என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் உண்மையாகவே கவலைப்பட்டுப் பேச வேண்டும். மற்றவை பெட்ரோல் கார் காலத்துக் கணக்கை அப்படியே மின்சார வண்டியின் மேல் ஏற்றிவைத்தவை.

முதலில் குடும்பக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. ஆனால் அது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை. ஒரே வண்டியில் கிளம்புகிறவர்களின் எண்ணிக்கை வேறு. விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற மங்கலம்பேட்டை போன்ற பேரூராட்சியில் கடைக்கும் வேலைக்கும் போக இருசக்கர வண்டி இருக்கிறது. காரை வெளியே எடுப்பது மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவதற்கு, மாசி மகத்துக்கு விருத்தகிரீசுவரரைப் பார்ப்பதற்கு, சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்கு, உடம்பு முடியாத அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போவதற்கு. காதுகுத்துக்குக் கிளம்பும் வீட்டைப் பாருங்கள்: அம்மா, மகன், மருமகள், பிள்ளைகள் இருவர், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட மகள், அவளுடைய கைக்குழந்தை. ஏழு பேர் ஆகிவிட்டது. இதில் யாரை வீட்டில் விட்டுப் போவது?

சந்தையும் இதைத்தான் சொல்கிறது. மாருதி எர்டிகா 2024-25 நிதியாண்டில் சுமார் 1.9 லட்சம் விற்றது. இந்தியாவில் அதிகம் விற்ற கார்களின் பட்டியலில் முன்வரிசையில் இருக்கும் அந்த வண்டியின் அப்போதைய நீளம் 4,395 மி.மீ.; மூன்று வரிசை. அதை வாங்கிய குடும்பங்கள் நாளை மின்சாரத்துக்கு மாறும்போது இரண்டு சீட்டை இழந்துதான் ஆக வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்?

"இடமே கிடையாது, பேட்டரி தரையை உயர்த்திவிடும், முட்டி நெஞ்சில் இடிக்கும்" என்பது அடுத்த வாதம். பேட்டரி படுத்திருப்பது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில். அது உயர்த்துவது பெரும்பாலும் முதல் இரண்டு வரிசைகளின் தரையை. கடைசி வரிசை உட்கார்ந்திருப்பது பின் அச்சுக்கு மேலே. பெட்ரோல் வண்டியில் அந்தப் பகுதியில் சைலன்சர் ஓடும். சற்று முன்னால் பெட்ரோல் டேங்க் தொங்கும். மின்சார வண்டியில் இரண்டும் இல்லை. மோட்டார் முன்னால் இருக்கும் வண்டி என்றால் பின்பக்கம் இன்னும் காலி. மெர்சிடிஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஈக்யூபி 4,684 மி.மீ. நீளமுள்ள ஏழு சீட் மின்சார எஸ்யூவி. அதன் கடைசி வரிசை 1.65 மீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று நிறுவனமே வரம்பு சொன்னது. ஐரோப்பிய விமர்சகர்கள் அதைக் குறையாக எழுதினார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் அந்த உயரத்துக்குள் அடங்குவார்கள். ஆண்களிலும் பலர் அப்படித்தான். யாருடைய காலை அளந்து "இடமில்லை" என்று தீர்ப்புச் சொல்கிறோம் என்பதை இங்கே யோசிக்க வேண்டும்.

எதிர்த்தரப்புக்கு ஐரோப்பாவில் ஓர் உதாரணம் கிடைக்கும். 4.4 மீட்டருக்குள் அடங்கும் ஓப்பல் ஃபிரண்டேராவின் ஹைப்ரிட் வடிவில் ஏழு சீட் உண்டு, மின்சார வடிவில் ஐந்துதான். பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் ஒரே உடலைப் பங்கிடும்போது இப்படி நேரலாம். ஆனால் கியாவும் பெட்ரோல், டீசலில் ஓடுகிற காரன்ஸ் கிளாவிஸின் உடலுக்குள்தான் பேட்டரியை வைத்தது. 2025 ஜூலையில் 17.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வந்த அந்த மின்சார வண்டியில் ஏழு சீட்டும் இருக்கின்றன. நீளம் 4,550 மி.மீ., அதாவது ஃபிரண்டேராவைவிடக் கூடுதல் ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவுதான். டெஸ்லா கதையும் இதே பக்கம்தான் நிற்கிறது. மாடல் ஒய் காரின் கடைசி வரிசை குறுகல் என்று உலகமே குறை சொன்னது. 2025 ஆகஸ்டில் சீனாவில் இறக்கிய மாடல் ஒய் எல் வண்டியில் அந்த நிறுவனம் வரிசையை நீக்கவில்லை. வீல்பேஸை 15 செ.மீ. நீட்டி 3,040 மி.மீ. ஆக்கி, ஆறு சீட்டாக அமைத்தது.

அந்த ஒரு சாண் கூடுதல் நீளத்துக்கு இந்தியாவில் வரித்தடையும் கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்ரோல் கார்கள் நான்கு மீட்டருக்குள் உடம்பைச் சுருக்கிக்கொண்டதற்குக் காரணம் வரி. ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்ட 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகும், நீளம் நான்கு மீட்டரைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகிவிடுகிறது. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். வண்டி எவ்வளவு நீளமானாலும் அதே விகிதம். கூடுதலாகத் தேவைப்படும் நீளத்தை வரிச்சுமை இல்லாமல் சேர்க்கும் சலுகை மின்சார வண்டிக்கு மட்டுமே வாய்த்திருக்கும்போது, அதற்குத்தான் மூன்றாவது வரிசை கூடாது என்பது தலைகீழான வாதம்.

டிக்கி விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. ஏழு பேர் ஏறினால் பெட்டிக்கு இடம் குறையும், உண்மைதான். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2019 முதல் தயாராகும் ரெனோ டிரைபர் நான்கு மீட்டருக்குள் இதற்கு வழி கண்டது. கடைசி இரண்டு சீட்டும் கழற்றி வைக்கக்கூடியவை. மாட்டியிருந்தால் டிக்கி 84 லிட்டர்; கழற்றினால் 625 லிட்டர். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் குடும்பம் ஒன்று வாரநாளில் சீட்டைக் கழற்றி மாதிரிப் பொம்மை அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை சீட்டை மாட்டி உறவுகளை ஏற்றிக்கொள்ளலாம். ஐந்து சீட் வண்டி இதில் பாதி வேலையைத்தான் செய்யும்.

சார்ஜ் சீக்கிரம் தீரும் என்ற பயத்துக்கு நேரடியான ஒப்பீடு கையிலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், கியா காரன்ஸ் கிளாவிஸ் ஈவி இரண்டும் ஒரே குழுமத்தின் வண்டிகள். இரண்டிலும் பேட்டரி அளவு ஒன்றே: 42, 51.4 கிலோவாட் மணி. வெளிவந்தபோது நிறுவனங்கள் சொன்ன தூரம், ஐந்து சீட் கிரெட்டாவுக்கு 390, 473 கி.மீ.; ஏழு சீட் கிளாவிஸுக்கு 404, 490 கி.மீ. சோதனைக்கூட எண்கள் சாலையில் குறையும், ஆனால் இரண்டுக்கும்தான் குறையும். நெடுஞ்சாலை வேகத்தில் சார்ஜை அதிகம் தின்பது காற்றின் எதிர்ப்பு. கூடுதல் எடை வேகம் எடுக்கும்போது வாங்கிக்கொள்வதில் ஒரு பங்கை, பிரேக் பிடிக்கும்போது மோட்டார் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. மங்கலம்பேட்டையிலிருந்து ஜிப்மர் போய்வர 200 கி.மீ. ஆகாது. ஏழு பேரோடு ஏசி போட்டு ஓட்டினாலும் கிளாவிஸின் பெரிய பேட்டரியில் வழியில் சார்ஜ் போடாமல் வீடு திரும்பலாம். அதே குடும்பம் இரண்டு ஐந்து சீட் வண்டியில் போனால் ஆகும் செலவைத்தான் இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஒரு கவலை, பாதுகாப்பு. சின்ன வண்டியில் கடைசி வரிசைக்காரரின் தலைக்கும் பின்கதவுக் கண்ணாடிக்கும் இடையே தூரம் குறைவு. பின்னால் லாரி வந்து மோதினால் நசுங்குவதற்கு மிஞ்சிய உலோகம் கொஞ்சம்தான். இதை மறுக்கக் கூடாது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் நட்சத்திரங்கள் முன்மோதலையும் பக்க மோதலையும் வைத்தே தரப்பட்டன. பின்மோதல் அதில் இல்லை. எனவே ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி என்பது கடைசி வரிசைக்கு உத்தரவாதம் ஆகாது. மூன்றாவது வரிசை விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் பின்மோதல் சோதனை முடிவைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று கேட்பது நியாயம்.

ஆனால் "அதனால் வரிசையே வேண்டாம்" என்கிறவர்கள் எதனோடு ஒப்பிடுகிறார்கள்? ஐந்து சீட் வண்டியில் ஐந்தே பேர் பெல்ட் போட்டுப் போகிற காட்சியோடு. நம் ஊர்ச் சாலைகளில் நடப்பது அதுவல்ல. ஐந்து சீட் வண்டியில் ஏழு பேர், சில நேரம் எட்டுப் பேர் ஏறுகிறார்கள். முன்சீட்டில் அப்பா மடியில் ஒரு பிள்ளை, பின்சீட்டில் நால்வர், அவர்கள் மடியில் இன்னொரு பிள்ளை. பின்னால் யாருக்கும் பெல்ட் எட்டாது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கான பெல்ட் வண்டியில் இல்லை. கடைசி வரிசையில் மும்முனை பெல்ட்டோடும் தலைதாங்கியோடும் உட்காரும் பத்து வயதுப் பையனை, முன்சீட்டில் அப்பா மடியில் ஏர்பேக்குக்கு நேரே உட்காரும் அதே பையனோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஏழு சீட் வேண்டுமென்றால் பெரிய வண்டி வாங்கட்டுமே என்பது கடைசி வாதம். 2025 நவம்பரில் வந்த மஹிந்திரா எக்ஸ்ஈவி 9எஸ் நல்ல இடவசதியுள்ள ஏழு சீட் வண்டி. வந்தபோது தொடக்க விலை 19.95 லட்சம். பிஒய்டி இமேக்ஸ் 7 இன்னும் மேலே, அறிமுகமானபோதே 26.90 லட்சம். பஜார் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் ஊரில் வாடகைக்கு எர்டிகா ஓட்டுபவரும் இந்த விலையைப் பார்த்துப் பின்வாங்குவார்கள். ஏழு சீட் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஆகவே மூன்றாவது வரிசை கீழ்விலை வண்டிகளில், விரும்புகிறவர் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் தேர்வாக வர வேண்டும். எல்லோர் மேலும் திணிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த ஆலையில் வின்ஃபாஸ்ட் தயாரிக்கும் விஎஃப் 6 இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதன் வீல்பேஸ் 2,730 மி.மீ., எர்டிகாவுக்கு 2,740. பத்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். குறைவது அச்சுகளுக்கு வெளியே இருக்கும் நீட்டம். 2024-25-இல் விற்ற எர்டிகாவைவிட மொத்த நீளத்தில் 15 செ.மீ. அளவுக்குச் சின்னது. அதையும் நீட்டினால் வரி ஏறாது. நீட்டிய பிறகு கடைசி வரிசைக்குத் தனி ஏசி துவாரம், மும்முனை பெல்ட், தலைதாங்கி, அங்கே வரை இறங்கும் கர்ட்டன் ஏர்பேக் ஆகியவை எல்லா மாடல்களிலும் இருக்க வேண்டும். அம்மாவும் குனிந்து ஏறும்படி நடுச்சீட் ஒரே இழுப்பில் மடங்க வேண்டும். வாங்குகிறவர்கள் ஷோரூமுக்கு வீட்டு ஆட்கள் ஏழு பேரையும் கூட்டிப்போய், மதிய வெயிலில் உளுந்தூர்பேட்டை வரை ஓட்டிப் பார்த்து, கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தவரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கட்டலாம்.